சுருட்டை முடிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

பள்ளி விட்டு வந்த மகள், முதுகிலிருந்து பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "அம்மா, எனக்கு ரீபாண்டிங் செஞ்சு விடுறீங்களா?"

தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். வயது 10. என் அம்மா வீட்டுச் சுருட்டை முடி அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது. இழுத்துப் பிடித்தால் இடுப்பைத் தொடும் நீளம். ஒரு கைக்குள் அடங்காத அடர்த்தி. காலையில் எவ்வளவு இறுக்கமாகப் பின்னிவிட்டாலும், நம் ஊர் புழுக்கத்தில் பேருந்து நிறுத்தம்வரை நடந்தால் போதும், பின்னலை மீறி நாலா பக்கமும் எழுந்து நிற்கும். வகுப்பில் அவளுக்கு 'மேகி மீ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்தவன் நல்ல நண்பன்தானாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னானாம். அவளும் சிரித்தாளாம். ஆனால் அன்று மாலை குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, உள்ளங்கையில் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முடியைப் படிய வைக்கப் போராடிக்கொண்டிருந்தாள். அதை நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

"முடியாது" என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே ஆசை எனக்கும் இருந்தது. நான் அதை நிறைவேற்றியும் கொண்டேன்.

2009ஆம் ஆண்டு. எனக்கு 24 வயது. திருமணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. நேரான, பளபளக்கும் முடி இல்லாவிட்டால் மணமேடையில் உட்காரவே முடியாது என்று எனக்கு நானே முடிவு செய்திருந்தேன். வீட்டுக்கு அருகே இருந்த ஓர் அழகு நிலையத்தில் 240 வெள்ளி கொடுத்து ஐந்து மணி நேரம் உட்கார்ந்தேன். அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்புதான் முடியை வெளுக்க வைத்துச் செம்பட்டை நிறம் ஏற்றியிருந்தேன். அவர்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதல் வாரம் ராணி மாதிரி நடந்தேன். மூன்றாவது வாரம் சீப்பில் முடி வரத் தொடங்கியது. வேரோடு உதிர்ந்த நீள முடி அல்ல. ஒரு விரல் நீளத்தில் உடைந்து உடைந்து விழும் துண்டுகள். தலையணையில், குளியலறை வடிகாலில், வேலையிடத்து வெள்ளைச் சட்டையின் தோளில் எங்கும் துண்டுகள். திருமணத்தன்று என் பின்னலில் பாதி சவுரி. பூ வைத்துவிட்ட அக்கா ஊசி குத்த இடம் தேடியது இன்னும் நினைவிருக்கிறது.

ஜோகூரின் குளுவாங்கிலிருந்து வந்திருந்த என் பாட்டி, முதல் நாள் இரவு என் தலையைத் தடவிப் பார்த்தார். தடவிய கையில் துண்டு முடி ஒட்டிக்கொண்டு வந்தது. "எண்ணெய் வச்சா சரியாயிடுமா பாட்டி?" என்று கேட்டேன். "கிழிச்சிட்டு வந்து தைக்கச் சொல்றியாடி?" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் மருந்தகத்தில் வேலை செய்பவள். புட்டிகளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பிறருக்கு விளக்குவதுதான் என் பிழைப்பு. என் தலையில் ஊற்றிய புட்டியின் பின்பக்கத்தை மட்டும் நான் அன்று திருப்பிப் பார்க்கவில்லை. கோபம் தணிந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

கிழிந்ததை ஏன் தைக்க முடியாது?

முடி என்பது கெரட்டின் என்னும் புரதம். அதற்குள் கந்தகப் பிணைப்புகள் ஏணிப் படிகள்போல இருந்து முடிக்கு வலுவையும் வடிவத்தையும் தருகின்றன. ரீபாண்டிங்கில் முதலில் பூசும் மருந்து இந்தப் படிகளில் கணிசமானவற்றை உடைக்கிறது. பிறகு சூடான தகட்டால் முடியை நேராக இழுத்து, இரண்டாவது மருந்தால் புதிய நிலையிலேயே படிகளை மறுபடி கட்டுகிறார்கள். உடைந்த எல்லாம் திரும்பக் கட்டப்படுவதில்லை. வெளுப்பு மருந்தும் இதே படிகளைத்தான் தாக்கும். நான் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு முறை உடைத்திருக்கிறேன். முடி தாங்காமல் போனதில் அதிசயம் ஒன்றுமில்லை.

தோலில் காயம் பட்டால் ஆறும். முடி ஆறாது. அதன் உயிர் வேரில், தலைத்தோலுக்குள் இருக்கிறது. வெளியே வந்துவிட்ட முடியில் இரத்த ஓட்டமும் இல்லை, உயிருள்ள அணுவும் இல்லை. விளம்பரங்களில் முடிக்கு 'ஊட்டச்சத்து' கொடுப்பதாகச் சொல்வார்கள். வெளியே தொங்கும் முடி எதையும் சாப்பிடாது. சாப்பாடு வேண்டியது நமக்குத்தான். அது இரத்தத்தின் வழியாக வேருக்குப் போகும்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். என் மகளின் பின்னல் நுனியில் இருக்கும் முடி அவள் பாலர் பள்ளிக்குப் போன காலத்தில் முளைத்தது. அத்தனை ஆண்டு வெயில், சீப்பு, ரப்பர் பட்டை, நீச்சல்குளம் எல்லாவற்றையும் அது பார்த்தாகிவிட்டது. பாட்டி தம் கூறைப் புடவையை வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். பட்டும் முடி போலவே ஒரு புரத இழைதான். நைந்தபின் சரிசெய்ய முடியாத பொருளை எப்படிக் கையாள்வோமோ, அப்படித்தான் முடியையும் கையாள வேண்டியிருக்கிறது.

முடியின் மேற்புறத்தில் மீன் செதில்களைப்போல மெல்லிய ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கொழுப்புப் படலம் உண்டு. மழைத்துளியை வழுக்கி ஓட வைப்பதும், பக்கத்து முடியோடு சிக்காமல் வைப்பதும் அதுதான். வெளுப்பு மருந்து போன்ற காரப்பொருள் பட்டால் அந்தப் படலம் போய்விடும். போனது அந்த முடியில் திரும்ப வராது. அந்த இடத்தை இட்டு நிரப்பும் மாற்று உறைதான் கண்டிஷனர்.

அது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்த பாடம். ஈரமான முடியின் மேல் எதிர்மின்னேற்றம் இருக்கும். எங்கே அதிகம் தேய்ந்திருக்கிறதோ அங்கே அது கூடுதலாக இருக்கும். கண்டிஷனரில் உள்ள முக்கியப் பொருளுக்கு நேர்மின்னேற்றம். அதனால் யாரும் வழிகாட்டாமலேயே அது நைந்த இடத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது. அலசிய பிறகும் ஒரு மெல்லிய பூச்சு தங்குவதற்குக் காரணம் அதுவே. புட்டியின் பின்பக்கத்தில் பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, சீட்ரைமோனியம் குளோரைடு என்று பல்லை உடைக்கும் பெயர்கள் இருந்தால், அவைதான் இந்த வேலையைச் செய்பவை. சீட்டைல் ஆல்கஹால் என்பதைப் பார்த்து "ஐயோ, ஆல்கஹாலா?" என்று கேட்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது எங்கள் கடைக்கு வருவார்கள். அது மெழுகு போன்ற ஒரு கொழுப்புப் பொருள். முடியை வறட்டாது, மென்மையாக்கும். டைமெத்திக்கோன் என்பது சிலிக்கோன். அதைக் கண்டும் பயப்பட வேண்டாம். ஷாம்பு போட்டால் பெரும்பாலும் போய்விடும். பேயன்போல 'பத்து மூலிகை' என்று முன்பக்கத்தில் படம் போட்டு விலையை மூன்று மடங்காக்கியிருப்பதைக் கண்டால்தான் நான் சற்று ஒதுங்குவேன். பேரங்காடியில் கிடைக்கும் சாதாரண கண்டிஷனரிலும் வேலை செய்யும் பொருள் பெரும்பாலும் அதேதான்.

பாட்டியின் வெள்ளிக்கிழமை

பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியும் முன்பே தலையில் துணி கட்டிக்கொண்டு மரத்துக்குப் போய்விடுவார். லயத்து வீட்டில் கண்ணாடி ஒன்றே ஒன்று, அதுவும் கைக்கண்ணாடி. ஆனால் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் மட்டும் தவறாது. தேங்காய்ப்பாலை அவரே காய்ச்சி எடுத்த எண்ணெய், ஊறவைத்து அரைத்த வெந்தயம், சோறு வடித்த கஞ்சியில் குழைத்த சீயக்காய். நாங்கள் பள்ளி விடுமுறைக்குப் போனால் வரிசையாக உட்கார வைத்துத் தேய்த்துவிடுவார். சீயக்காய் கண்ணில் பட்டு அலறாத பேரப்பிள்ளை எங்கள் குடும்பத்தில் இல்லை.

அதில் எவ்வளவு உண்மை இருந்தது என்று பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. 2003இல் மும்பையைச் சேர்ந்த ரேலே, மொஹிலே என்ற இரு ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முடியைக் கழுவும்போதும் வாரும்போதும் கரைந்துபோகும் புரதத்தைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே நன்றாகக் குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. முடிக்குள் புக முடிகிறது. மற்ற இரண்டும் பெரும்பாலும் மேலேயே நின்றுவிடுகின்றன. ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டிக்குப் பிடித்த நல்லெண்ணெய் அந்தச் சோதனையில் இல்லை. எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் தீபாவளிக்கு மட்டும்.

எண்ணெயைக் குளிக்கும் முன் வைப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முடி தன் எடையில் சுமார் 30 விழுக்காடு தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சும்போது உப்பும், காயும்போது சுருங்கும். உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கியே செதில்கள் தூக்கிக்கொள்கின்றன. முதலில் எண்ணெய் உள்ளே போய்விட்டால் தண்ணீர் புகுவது குறைகிறது. ஆண்டு சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூரில் இது சின்ன விஷயமில்லை. சுருட்டை முடிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கும். சுருளுக்குச் சுருள் வளைந்து இறங்க வேண்டுமென்றால் பாதி வழியிலேயே நின்றுவிடும். மேலே பிசுபிசுப்பு, கீழே வறட்சி.

வெந்தயக் கதைதான் எனக்கு மிகப் பெரிய ஆச்சரியம். அரைத்த வெந்தயத்தின் வழவழப்புக்குக் காரணமான பசையும், கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பசையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கொத்தவரைப் பசைக்கு நேர்மின்னேற்றம் கொடுத்து இன்று உலகம் முழுவதும் ஷாம்பு, கண்டிஷனர்களில் சேர்க்கிறார்கள். அடுத்த முறை புட்டியைத் திருப்பினால் 'குவார்' என்று தொடங்கும் பெயரைத் தேடிப் பாருங்கள். பஃபலோ ரோட்டில் நாம் பேரம் பேசி வாங்கும் கொத்தவரங்காயின் விதைதான் அது.

பாட்டி சொன்ன எல்லாமே சரியென்று சொல்லமாட்டேன். "பொடுகா? இன்னும் கொஞ்சம் எண்ணெய் வை" என்பார். பொடுகோடு தொடர்புடைய பூஞ்சை எண்ணெயைத் தின்றே வாழ்வது. அதற்கு எண்ணெய் வைப்பது விருந்து வைப்பதற்குச் சமம். பொடுகு இருப்பவர்கள் கீட்டோகோனசோல் போன்ற மருந்து கலந்த ஷாம்புவைத் தலைத்தோலுக்கும், கண்டிஷனரை முடியின் கீழ்ப்பாதிக்கும் பயன்படுத்துவது நல்லது. எண்ணெய் வைத்தால் முடி நீளமாக வளரும் என்பதும் அப்படித்தான். வளர்வதை அது வேகப்படுத்தாது. வளர்ந்தது உடையாமல் இருப்பதால் நீளம் தங்குகிறது.

மூன்று மாத ஒப்பந்தம்

மகளிடம் திருமணப் படத்தொகுப்பை எடுத்துக் காட்டினேன். பின்னல் தெரியும் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இது உங்க முடியாம்மா?"

"பாதி."

மீதியையும் சொன்னேன். பிறகு ஓர் ஒப்பந்தம் போட்டோம். மூன்று மாதம் நான் சொல்கிறபடி முடியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும் அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் மறுபடி பேசலாம். "பேசலாம்னா செய்யலாம்னு அர்த்தமா?" என்று கேட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் வார்த்தையை அளந்துதான் விட வேண்டும்.

சனிக்கிழமை எனக்கு வேலை. அதனால் எங்கள் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று எண்ணெய் தேய்க்கக்கூடாது என்று தொலைபேசியில் பாட்டி முதலில் தயங்கினார். பிறகு "லீவு அன்னைக்குத்தான பிள்ளைக்கு ஒழியும்" என்று அவரே அனுமதி கொடுத்துவிட்டார்.

காலை எழுந்ததும் இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய். அவ்வளவே. பாட்டி காலத்துக் கிண்ணம் தேவையில்லை. வழிய வழிய வைத்தால் அதைப் போக்க இரண்டு முறை ஷாம்பு போட்டு, கிடைத்த பலனைக் கழுவி விடுவோம். காதுக்குக் கீழே இருக்கும் முடிக்குத்தான் முதல் கவனிப்பு. இரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, விரலால் பெரிய சிக்குகளைப் பிரித்த பிறகு குளியல். ஷாம்பு தலைத்தோலுக்கு மட்டும். அலசும்போது வழியும் நுரையே கீழே உள்ள முடிக்குப் போதும்.

பிறகு தண்ணீரை லேசாகப் பிழிந்துவிட்டு, கை நிறைய கண்டிஷனர். இங்கேதான் நாங்கள் முன்பு தவறு செய்துகொண்டிருந்தோம். ஒரு பட்டாணி அளவு எடுத்து உச்சந்தலையில் தேய்த்து, தேய்த்த கையோடு அலசிவிடுவோம். அவள் முடியின் அடர்த்திக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. இப்போது முடியை நான்காகப் பிரித்து, நடுப்பகுதியிலிருந்து நுனிவரை தடவுகிறோம். மூன்று நிமிடம் ஊறும்போதே, அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேல்நோக்கிப் போகிறோம். ஈர முடி எளிதில் நீண்டு அறுந்துவிடும். ஆனால் சுருட்டை முடியைக் காய்ந்தபின் சீவினால் இன்னும் மோசம், அதோடு மேகி மீயும் திரும்பி வந்துவிடும். கண்டிஷனர் வழவழப்போடு இருக்கும்போது சீவுவதுதான் இரண்டுக்கும் நடுவழி. முதல் ஞாயிறு இதற்கு நாற்பது நிமிடம் ஆனது, ஒரு சண்டையும் ஆனது. இப்போது பத்து நிமிடம்.

துண்டால் பரபரவென்று துவட்டுவதை நிறுத்திவிட்டோம். அப்பாவின் பழைய பருத்தி டி-சட்டையால் ஒற்றி எடுக்கிறோம். ஈரம் இருக்கும்போதே சிறிது கண்டிஷனரைத் தண்ணீரில் குழைத்து நுனியில் தடவிவிடுவேன். இதற்கென்றே அலசாமல் விடும் கண்டிஷனர் கடையில் கிடைக்கிறது. அதை வாங்குவது நல்லதுதான்; நான் சிக்கனக்காரி. மின்விசிறிக் காற்றில் பாதி காய்ந்ததும், அவசரமென்றால் மட்டும் உலர்த்தி. உலர்த்தி என்றாலே கெடுதல் என்று நினைத்திருந்தேன். தென்கொரிய ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட சோதனையில், 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துக் கையை ஆட்டிக்கொண்டே உலர்த்திய முடியைவிட, வெகுநேரம் ஈரமாகவே விட்ட முடியின் உட்பகுதியில் ஒருவகைச் சேதம் கூடுதலாக இருந்தது. அதனால் ஈர முடியை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடும் பழக்கத்தை நானும் விட்டுவிட்டேன்.

நீச்சல் வகுப்பு நாளில் குளத்தில் இறங்கும் முன் குழாய்த் தண்ணீரில் முடியை நன்றாக நனைத்து, கொஞ்சம் கண்டிஷனர் தடவி, தொப்பிக்குள் சுருட்டி வைக்கிறோம். ஏற்கெனவே நல்ல தண்ணீர் குடித்த முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகவே குடிக்கும். வெளியே வந்ததும் உடனே அலசல். நெற்றியில் பொடிப் பொடியாகப் பரு வந்தால் எண்ணெயோ கண்டிஷனரோ முன்பக்கம் வழிகிறது என்று அர்த்தம்.

ஒன்று மட்டும் தனியே சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. அதைவிட அதிகமாக வேரோடு கொட்டினால், அல்லது வட்ட வட்டமாக வழுக்கை தெரிந்தால், கண்டிஷனரை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள் எனப் பல காரணங்கள் உண்டு. மருத்துவரைப் பாருங்கள். 'கெரட்டின் சிகிச்சை' என்ற பெயரில் முடியை நேராக்கும்போது கண் எரிந்து மூக்கில் நெடி ஏறினால் எழுந்து வந்துவிடுங்கள். அத்தகைய மருந்துகள் சிலவற்றிலிருந்து ஃபார்மால்டிஹைட் ஆவி கிளம்பும். அது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் பட்டியலில் இருப்பது.

ஒப்பந்தத்தின் மூன்று மாதம் போன வாரம் முடிந்தது. மகளின் முடி நேராகிவிடவில்லை. சுருள்கள் தனித்தனியாகத் தெரிகின்றன, பின்னலில் அடங்குகின்றன, தொட்டால் மெத்தென்று இருக்கின்றன. 'மேகி மீ' பெயர் போய்விட்டதா என்று கேட்டேன். போகவில்லையாம். ஆனால் அந்தப் பையனுக்கு இப்போது 'பீ ஹூன்' என்று இவள் பெயர் வைத்திருக்கிறாளாம்.

"சரி, ரீபாண்டிங்?" என்றேன்.

"பெரிய பிள்ளையானதும் கேட்பேன். அப்போ வேணாம்னு சொல்லக்கூடாது."

"அப்போ உன் முடி, உன் இஷ்டம். சாயம் போட்டிருந்தா கடையில சொல்லிடணும்."

யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். கண்டிஷனர் புட்டி மட்டும் எங்கள் கணக்கைவிடச் சீக்கிரமாகத் தீர்ந்துகொண்டிருந்தது. நேற்று இரவு குளித்துவிட்டு வந்த கணவரின் தாடியில் அதே வாசனை.